டெஸ்ட் ஓடும் பிரவுசர் எந்த ஊரில் இருக்கிறது?

இணையத்தளத்தைப் பிரவுசரில் தானே திறந்து சோதிக்கும் தானியங்கி டெஸ்ட் எழுதுகிறவர்கள் மத்தியில் அடிக்கடி காதில் விழும் ஒரு கருத்து உண்டு: பிரவுசரைச் சுத்தமாகத் திற, எந்த செட்டிங்கிலும் கை வைக்காதே, அப்போதுதான் முடிவை நம்பலாம். இதில் பாதி சரி. முந்தின ஓட்டத்தின் குக்கியும் கேஷும் ஒட்டிக்கிடக்கிற புரொஃபைலில் டெஸ்ட் ஓட்டினால் பச்சையும் (தேறியது) பொய், சிவப்பும் (விழுந்தது) பொய். மற்றப் பாதிதான் நெருடுகிறது. கை வைக்காத பிரவுசர் என்று ஒன்று இல்லவே இல்லை. பிரவுசரை இயக்கும் கருவியான பிளேரைட்டிடம் எதுவும் சொல்லாமல் விட்டால் அது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்றும் திரையை 1280க்கு 720 என்றும் தானே எடுத்துக்கொள்ளும். கிளவுடில் ஓடும் சிஐ இயந்திரத்தின் (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்டை ஓட்டும் கணினி) கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில், அதாவது கிரீனிச் நேரத்தில், நிற்கும். டெஸ்ட் ஓடும் சூழலைப் பொதியாகக் கட்டிவைக்கும் டொக்கர் இமேஜில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதில்தான் பக்கம் வரையப்படும்.

திருகோணமலையில் பயன்படப்போகும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். நிலாவெளியில் அறை பதிவு செய்வதாக இருக்கலாம், புறாத்தீவுக்குப் படகு பிடிப்பதாக இருக்கலாம், வளாக மாணவரின் விண்ணப்பமாக இருக்கலாம். அதை டெஸ்டில் திறந்து பார்க்கிற ஆள் யார்? அமெரிக்க ஆங்கிலத்தில் இலக்கம் வாசிப்பவர், கிரீனிச் நேரத்தில் வாழ்பவர், தமிழ் எழுத்துருவே இல்லாத கணினி வைத்திருப்பவர். உப்புவெளியிலிருந்து கிண்ணியா வரை தேடினாலும் அப்படி ஒருவர் அகப்படமாட்டார். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுவது அந்த இல்லாத ஆளுக்காக.

முதலில் சில்லறை வேலைகள்

குரோம் சில வாரங்களுக்கு ஒரு முறை பெரிய பதிப்பு விடுகிறது. அன்றாடப் பாவனைக்கான குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், டெஸ்டின் கட்டளையைக் குரோமுக்குக் கடத்தும் குரோம்டிரைவரைக் கையால் இறக்கிவைத்திருந்தால் அது அப்படியே கிடக்கும். ஒரு நாள் காலையில் ‘செஷன் நொட் கிரியேட்டட்’ (பிரவுசரைத் தொடங்க முடியவில்லை) என்று எல்லா டெஸ்டும் சேர்ந்து விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2023இல் வந்த ‘குரோம் ஃபோர் டெஸ்டிங்’ இதற்கென்றே செய்யப்பட்டது. தானே புதுப்பித்துக்கொள்ளாது, 115ஆம் பதிப்பிலிருந்து அதே எண்ணில் டிரைவரும் கிடைக்கும். பிளேரைட் போன்ற இன்னொரு கருவியான செலினியத்தில் 4.6 முதல் கூடவே வரும் செலினியம் மேனேஜர் பொருத்தமான டிரைவரைத் தேடி இறக்கித் தரும்தான். ஆனால் மொபைல் டேட்டா இழுத்தடிக்கிற மத்தியானத்தில் அந்த இறக்கம் முடியும்வரை டெஸ்ட் தொடங்காது. பதிப்பைப் பூட்டிவைத்தால் ஒரு தடவை இறக்கியது கேஷில் இருந்தே எடுபடும்.

புரொஃபைல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெற்று, தற்காலிக அடைவாக இருக்க வேண்டும். ஒரே யூசர் டேட்டா அடைவை இரண்டு குரோம் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே நான்கு டெஸ்டை இணையாக ஓட்டுபவர் நான்கு அடைவு கொடுக்க வேண்டும். லொகின் தொல்லைக்காகத் தன் சொந்தப் புரொஃபைலையே டெஸ்டுக்குக் காட்டிவிடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. குரோம் 136 முதல் வழமையான புரொஃபைல் அடைவுடன் வெளியிலிருந்து பிரவுசரை இயக்க உதவும் ரிமோட் டிபக்கிங் போர்ட்டைக் கொடுத்தால் குரோம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல முடிவு. லொகினைச் சேமிக்க வேண்டுமென்றால் பிளேரைட்டின் ஸ்டோரேஜ் ஸ்டேட்டை (குக்கியும் லொகின் தகவலும்) கோப்பாக எழுதி மறுபடி ஏற்றுவதே போதும்.

குரோம் பிரெஃபரன்ஸில் (புரொஃபைலோடு சேரும் செட்டிங்குகள்) மூன்று விடயத்தைத் தொட்டே ஆகவேண்டும். அறிவித்தல் அனுமதிக்கு 2 என்று கொடுத்தால் தடை, 1 என்றால் இசைவு. ஒன்றும் கொடுக்காவிட்டால் கேள்விப் பெட்டி வந்து நிற்கும். டெஸ்ட் பயனருக்கு எல்லாரும் வைக்கிற இலகுவான கடவுச்சொல்லைப் பார்த்து ‘இது வெளியே கசிந்த கடவுச்சொல், மாற்றுங்கள்’ என்று குரோம் ஒரு பெட்டி திறக்கும். அது பக்கத்தின் பகுதி அல்ல, பிரவுசரின் பெட்டி. டெஸ்ட் பிரவுசரோடு பேசப் பாவிக்கும் வெப்டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட் காரணமில்லாமல் தடுமாறுவதுபோல் இருக்கும். கடவுச்சொல் மேலாளரின் கசிவுச் சோதனையை அணைத்தால் தீர்ந்தது. மூன்றாவது பிடிஎஃப் பற்றுச்சீட்டு: வெளியே திற என்ற செட்டிங்கை இயக்காவிட்டால் அது இறங்காமல் பிரவுசருக்குள்ளேயே திறந்துவிடும். இறக்க அடைவின் பாதையை முழுதாக, ரூட்டிலிருந்து கொடுக்க வேண்டும். ஃபயர்ஃபொக்ஸில் அடைவைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஃபோல்டர் லிஸ்ட் என்ற பிரெஃபரன்ஸை 2 ஆக்கினால்தான் அந்த அடைவை அது மதிக்கும்.

பெட்டி பெட்டியாகத் தமிழ்

டெபியனின் ‘ஸ்லிம்’ இமேஜில் குரோமை மட்டும் போட்டு டெஸ்ட் ஓட்டினால் தமிழும் சிங்களமும் வெற்றுச் சதுரங்களாக வரும். இதில் வேடிக்கை, டெஸ்ட் விழாது. பக்கத்திலுள்ள உரையை வாசித்து ஒப்பிடும் டெஸ்டுக்கு எழுத்துரு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தின் உள்கட்டமைப்பான டொமில் ‘திருகோணமலை’ என்று சரியாகவே இருக்கும். திரைப்பிடிப்பைத் திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

பார்வைக்கு மட்டும் உள்ள குறை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. எழுத்துரு இல்லாத இடத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு சதுரம் விழும். ‘திருகோணமலை’ கண்ணுக்கு ஆறு எழுத்து, யுனிகோடில் பத்துக் குறியீடு, ஆகவே பத்துச் சதுரம். பொத்தானின் அகலம் மாறும், வரி உடையும் இடம் மாறும், கீழே உள்ள பொத்தானை இன்னொன்று மூடும். அப்போது ‘எலமெண்ட் கிளிக் இன்டர்செப்டட்’ (கிளிக்கை வேறொன்று மறித்தது) என்று ஒரு டெஸ்ட் விழும். அதை எழுதியவர் பொறுமையிழந்து ஜாவாஸ்கிரிப்டால் கிளிக் செய்ய வைத்துவிடுவார். அதன்பிறகு உண்மையான மூடலையும் அந்த டெஸ்ட் காட்டிக்கொடுக்காது. டெபியன், உபுண்டு இரண்டிலும் நோட்டோ கோர் எழுத்துருப் பொதியை நிறுவினால் தமிழும் சிங்களமும் ஒருமிக்க வந்துவிடும். திரைப்பிடிப்பை ஒப்பிடுகிறவர்கள் எழுத்துருவின் பதிப்பையும் இமேஜோடு பூட்ட வேண்டும். எழுத்தின் விளிம்பு அரைப் பிக்சல் நகர்ந்தாலும் ஒப்பீடு சிவப்பாகும். எழுத்தின் விளிம்பைப் பிக்சலுக்கு ஏற்ப நகர்த்தும் எழுத்துரு ஹின்டிங்கை அணைப்பதும் சாதன அளவை 1 என்று நிறுத்துவதும் இந்த இடத்துக்கு உரிய, குரோமைத் தொடங்கும்போது கொடுக்கும் சுவிட்சுகள்.

இலங்கைத் தமிழ் வேறு, இந்தியத் தமிழ் வேறு

மொழியைத் தமிழ் என்று மட்டும் கொடுத்தால் பிரவுசர் இந்திய வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். பிற்பகல் மூன்றரைக்குப் படகு என்றால் இந்தியத் தமிழில் ‘பிற்பகல் 3:30’ என்று வரும், இலங்கைத் தமிழில் 15:30 என்று வரும். படிவத்தில் 24 மணித்தியால நேரத்தை எதிர்பார்த்து எழுதிய டெஸ்ட் முதலாவதில் விழும். இலக்கத்தின் கதை இன்னும் சிக்கல். இலங்கைத் தமிழ் என்று சரியாகக் கொடுத்தாலும் பத்து இலட்சம் 10,00,000 என்றே காற்புள்ளி போட்டு வரும். அதே விலை சிங்களப் பக்கத்தில் 1,000,000. கடைப் பற்றுச்சீட்டிலும் வங்கிக் கூற்றிலும் நாம் காண்பது பின்னையது. எதைக் காட்டுவது என்பது தளத்தின் முடிவு. ஆனால் டெஸ்ட் அமெரிக்க ஆங்கிலத்தில் ஓடினால் இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவராது. மாதப் பெயர்களும் அப்படித்தான்: பிரவுசர் தருவது ‘அக்டோபர்’, கையால் எழுதிய மொழிக் கோப்பில் இருப்பது ‘ஒக்டோபர்’. ஒரே பக்கத்தில் இரண்டும் நிற்கும்.

செட்டிங் செய்யும்போது பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். குரோம் பிரெஃபரன்ஸில் ஏற்கும் மொழிகளை மாற்றினால் சேர்வருக்குப் போகும் தலைப்பு மாறும், பக்கம் தமிழில் வரும். ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் வசதி ஆக்கும் திகதியும் இலக்கமும் மட்டும் பிரவுசரின் இடைமுக மொழியையே பின்பற்றும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில முறைத் திகதி! குரோமின் இடைமுக மொழிகளில் தமிழ் உண்டு, இலங்கைத் தமிழ் என்று தனியே கிடையாது. ஆகவே பிளேரைட்டின் லொகேல் (மொழியும் நாடும்) செட்டிங்கையோ, செலினியத்தில் டெவ்டூல்ஸ் (குரோமின் உள் கருவிகள்) கட்டளையாக லொகேல் ஓவர்ரைடையோ பாவிப்பதுதான் வழி.

பத்து வருட நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழைகள். நேரவலயத்தின் பிழை தெரியாது.

ஐந்தரை மணித்தியாலம் என்று மட்டும் நினைப்பவர் ஏசியா/கொல்கத்தா என்று எடுத்துப் போடுவார். இன்றைய திகதிக்கு அதுவும் ஏசியா/கொலம்போவும் ஒன்றுதான். ஆனால் 1996 மே 25 அன்று இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி ஆறரைக்குப் போனது. அந்த ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்வாங்கி ஆறுக்கு வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் ஐந்தரை. மூதூர்க் கிழக்குப் பக்கம் போய்வந்தவர்களுக்குப் பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு ஓடியது நினைவிருக்கும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தை விடவில்லை. பிரவுசருக்குள் இருக்கும் நேரவலயத் தரவு கொழும்பின் இந்த மாற்றங்களை நிமிடம் பிசகாமல் வைத்திருக்கிறது.

இப்போது 1999 ஜூலை 10இல் பிறந்த ஒருவர் படிவம் நிரப்புகிறார் என்று வையுங்கள். திகதித் தெரிவுக் கருவி அந்த நாளின் நள்ளிரவு என்று ஒரு திகதிப் பொருளை ஆக்குகிறது. பிரவுசர் கொழும்பு நேரத்தில் இருந்தால் 1999இல் வித்தியாசம் ஆறு மணித்தியாலம், ஆகவே சேர்வருக்குப் போவது ஜூலை 9, யுடிசி 18:00. சேர்வரை எழுதியவர் இலங்கை என்றால் ஐந்தரை என்று நிலையாகக் கூட்டுகிறார். கிடைப்பது ஜூலை 9, இரவு 23:30. நேரத்தை வெட்டிவிட்டுத் திகதியை மட்டும் சேமித்தால் ஆள் ஒரு நாள் முந்திப் பிறந்துவிட்டார்.

இதே டெஸ்டை யுடிசியில் ஓட்டுங்கள்: நள்ளிரவு யுடிசி 00:00, ஐந்தரை கூட்டினால் அதே நாள் காலை 5:30, சரி. கொல்கத்தாவில் ஓட்டுங்கள்: முதல் நாள் 18:30, கூட்டினால் அன்று 00:00, அதுவும் சரி. கொழும்பில் மட்டும்தான் பிழை வெளியே வரும். கைபேசிகள் வலையமைப்பைப் பார்த்துக் கொழும்பு நேரத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸ் கணினிகளிலோ ஐந்தரை மணித்தியால வரிசையில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்பதை விட்டுவிட்டு ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி’ என்பதை அழுத்தியவர் எவ்வளவோ பேர். ஆக, வீட்டில் கைபேசியில் நிரப்பினால் திகதி பிழை, ஒஃபிஸ் கணினியில் நிரப்பிக் காட்டினால் சரி. முறைப்பாடு வந்தாலும் ‘இங்கே ஒழுங்காகத்தானே வேலை செய்கிறது’ என்ற பதிலோடு அது மூடப்படும்.

இன்னொரு திரையும் விழுந்திருக்கிறது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். அந்தக் கணக்கு எல்லா வருடத்துக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துக்கொள்வது. 1999 ஜூலை 10 நாட்காட்டிப்படி 191ஆவது நாள், அட்டையில் 192. இந்த ஒரு நாள் வித்தியாசம் இலங்கையில் படிவம் எழுதுகிற எல்லாருக்கும் பழக்கமானது. ஆகவே திகதி ஒரு நாள் தள்ளி நின்றால் ‘அது அட்டைக் கணக்கு’ என்று உடனே விளக்கம் கிடைத்துவிடும். சிலர் ஒப்பீட்டில் ஒரு நாள் தளர்வும் விட்டுவிடுவார்கள். நேரவலயப் பிழை அந்தத் தளர்வுக்குள் சௌகரியமாகக் குடியிருக்கும்.

சோதிக்க வேண்டிய பிறந்த நாள்கள் அதிகம் இல்லை, ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும். 1996 மே 24 சரியாக வரும். மே 25 இன்னும் சுவாரசியம்: அன்று கொழும்பில் நள்ளிரவு 00:00 என்ற நேரமே இருக்கவில்லை, கடிகாரம் நேராக 01:00க்குப் போனது. ஜாவாஸ்கிரிப்ட் அந்த இல்லாத நேரத்தைப் பழைய வித்தியாசத்தில் கணக்கிடுவதால் திகதி தற்செயலாகச் சரியாக விழும். ஆனால் நேரம் 00:00 என்று எதிர்பார்க்கும் திகதிக் கருவி தடுமாறலாம். மே 26 பிழையாக வரும். 2006 ஏப்ரல் 15உம் பிழையாக வரும், ஏப்ரல் 16 சரி. இந்த ஐந்தையும், நடுவில் 1999 போல ஒன்றையும் போட்டால் போதும். திருத்தம் என்னவென்றால், பிறந்த திகதியை ஒரு கணமாக அனுப்பாமல் வருடம், மாதம், நாள் என்று வெறும் எழுத்தாக அனுப்புவது. சேர்வரில் இன்னும் அரை மணித்தியாலம் கூட்டி ஒட்டுப்போடுகிறவர் 1996க்கு முந்திப் பிறந்தவர்களுக்குக் குழி வெட்டாவிட்டாலும், 1996இன் நடு ஐந்து மாதத்தைத் தவறவிடுவார்; அப்போது வித்தியாசம் ஆறரை.

செட்டிங்கை எங்கே போடுவது? பிளேரைட்டில் டைம்சோன் ஐடி, கொன்டெக்ஸ்ட் (தனியே திறக்கும் ஒரு பிரவுசர் அமர்வு) முழுவதுக்கும் செல்லும். செலினியத்தில் டெவ்டூல்ஸ் கட்டளையாக டைம்சோன் ஓவர்ரைட் கொடுத்தால் அது அந்தத் தாவலுக்கு மட்டுமே. கட்டணப் பக்கம் புதிய தாவலில் திறந்தால் அங்கே மறுபடி இயந்திரத்தின் நேரம். லினக்ஸில் பிரவுசர் தொடங்குமுன் டிஇசட் என்ற சூழல் மாறியில் கொழும்பைக் கொடுப்பது பாதுகாப்பானது, ஃபயர்ஃபொக்ஸுக்கும் இது பொருந்தும். பல இயந்திரங்களைச் சேர்த்த கிரிட்டில் ஓட்டுகிறவர்கள் அதைப் பிரவுசர் ஓடும் நோடில் வைக்க வேண்டும். டெஸ்ட் எழுதும் மடிக்கணினியில் வைத்துப் பயனில்லை. ஃபயர்ஃபொக்ஸில் கைரேகை எதிர்ப்பு என்ற தனியுரிமை செட்டிங் இயங்கினால் எதைக் கொடுத்தாலும் நேரம் யுடிசிக்கு ஒத்ததாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

360 பிக்சல்

பழைய ஹெட்லெஸ் குரோம் (திரையில் சாளரமே காட்டாமல் ஓடுவது) ஒன்றும் சொல்லாவிட்டால் 800க்கு 600இல் திறக்கும். கைபேசியும் இல்லை, கணினியும் இல்லை. 2023இல் 112ஆம் பதிப்போடு வந்த புதிய ஹெட்லெஸ் உண்மையான குரோமேதான். அதனால் சாளர அளவு என்று கொடுப்பதில் முகவரிப் பட்டையின் உயரமும் அடங்கும். பழையதில் கொடுத்த உயரம் முழுவதும் பக்கத்துக்கே கிடைத்தது. 132ஆம் பதிப்பில் பழையது குரோமிலிருந்து நீங்கித் தனி ஷெல்லாகப் போனபோது திரைப்பிடிப்புகள் குட்டையானதற்கு இதுதான் காரணம்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியின் அகலம் பரவலாக 360 சிஎஸ்எஸ் பிக்சல். சாளர அளவில் 360 என்று எழுதினால் நடக்காது, திரையில் திறக்கும் குரோம் ஏறத்தாழ 500க்குக் கீழே சுருங்க மறுக்கும். கைபேசிபோல நடிக்கவைக்கும் மொபைல் எமுலேஷனில் அகலம், உயரம், பிக்சல் விகிதம் மூன்றையும் கொடுக்க வேண்டும். தமிழ்ப் பொத்தான்கள் உடைவது இந்த அகலத்தில்தான், ஆகவே டெஸ்டில் பெரும்பகுதியை இங்கே ஓட்டிவிட்டு 1280இல் சிறுபகுதியை ஓட்டுவதே சரி என்பது என் எண்ணம். பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

இட அமைவுக்கு ஒரு வரி: திருகோணமலை அகலக்கோடு 8.57, நெடுங்கோடு 81.23. மாற்றிப் போட்டால் படகு ஆர்க்டிக் சமுத்திரத்தில் நிற்கும். தளம் அதற்கும் ஒரு கட்டணம் காட்டினால் அதுவும் ஒரு பிழை. அனுமதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பக்கம் எச்டிடிபிஎஸ்ஸிலோ லோக்கல்ஹோஸ்டிலோ இருக்க வேண்டும். இணைப்பு வேகத்தை டெவ்டூல்ஸால் குறைக்கிறவர்கள் அலகில் தவறுகிறார்கள்: அது கேட்பது வினாடிக்கு எத்தனை பைட் என்பது. 1.5 மெகாபிட் வேண்டுமென்றால் 187500 என்று எழுத வேண்டும்.

ஒட்டி வந்த சுவிட்சுகள்

எந்த ரெப்போவை (டெஸ்ட் நிரல் இருக்கும் இடம்) திறந்தாலும் குரோமுக்குப் பத்துப் பன்னிரண்டு சுவிட்ச் வரிசையாக நிற்கும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது, முந்தின புரொஜெக்டிலிருந்து வந்தவை. ஜிபியுவை அணைக்கும் சுவிட்ச் ஆரம்பகால ஹெட்லெஸ் விண்டோஸில் தடுமாறியதற்காக வந்தது, இப்போது தேவையில்லை. பக்கத்தை இயந்திரத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் சாண்ட்பாக்ஸை அணைப்பது கொன்டெய்னரில் ரூட் பயனராக ஓட்டுவதால் வரும் தேவை. சாதாரணப் பயனராக ஓட்டி, கொன்டெய்னருக்குப் பொருத்தமான அனுமதியும் கொடுத்தால் அதை நீக்கிவிடலாம். வெப் செக்யூரிட்டியை அணைப்பதுதான் மோசம். கோர்ஸ் (வேறு தளத்தின் தரவைக் கேட்பதற்கான பிரவுசர் விதி) பிழை உள்ள தளம் டெஸ்டில் ஓடும், வெளியே போனதும் படுத்துவிடும். இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவைக்கக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் உண்மையான காரணம் உண்டு. டொக்கர் பகிர்வு நினைவகத்துக்குத் தரும் இடம் 64 மெகாபைட். படங்கள் நிறைந்த விடுதிப் பக்கம் திறந்ததும் ‘டாப் கிராஷ்ட்’ என்று தாவல் விழும், அதுவும் சில ஓட்டங்களில் மட்டும். டெவ் எஸ்எச்எம்மை (அந்தப் பகிர்வு நினைவகம்) தவிர்க்கும் சுவிட்ச் அந்த வேலையை வட்டுக்கு மாற்றும், வேகம் குறையலாம். கொன்டெய்னருக்கு 2 ஜிபி பகிர்வு நினைவகம் கொடுத்துவிட்டு அந்த சுவிட்சையும் எடுத்துவிடலாம்.

மிச்சமிருப்பதைச் சரிபார்க்க, மற்ற எல்லா டெஸ்டுக்கும் முன்னால் ஒன்றை எழுதிவையுங்கள். அது தளத்தைத் திறக்க வேண்டியதில்லை. வெற்றுப் பக்கத்தில் இன்டல் தருகிற லொகேலையும் நேரவலயத்தையும், உள் அகலத்தையும், பிக்சல் விகிதத்தையும், பிரவுசர் பதிப்பையும் வாசித்து, 1999 ஜூலை 10இன் நேர வித்தியாசம் மைனஸ் 360 நிமிடமா என்று பார்க்கட்டும். மைனஸ் 330 என்றால் பிரவுசர் இந்தியாவில் இருக்கிறது, 0 என்றால் யுடிசியில். ‘திருகோணமலை’ என்று பெரிதாக எழுதி ஒரு திரைப்பிடிப்பும் எடுத்து லொக்கோடு சேர்க்கட்டும். இதில் ஒன்று பிசகினாலும் அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள், மீதி டெஸ்ட் எதுவும் தொடங்கவே வேண்டாம்.